மார்கழி விடியலில் கேப்பர் மலைச் செம்மண் ஓட்டம்: மனசு நிஜமாவே அடங்குதா?

#1 | முந்திரிக்கொல்லை | திருப்பாதிரிப்புலியூர், கடலூர் | டிசம்பர் 17, இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். இங்க பல வருஷமா படிச்சுக்கிட்டுதான் இருக்கேன். எழுதுறது இதுதான் முதல் தடவை.

புரட்டாசியில அப்பா தவறிட்டார். அதுக்கப்புறம் என் தூக்கம் ராத்திரி மூணு மணியோட முடிஞ்சு போகுது. முழிப்பு வந்த உடனே அன்னைக்கு நடந்தது ஒவ்வொண்ணா வரும். அவர் நெஞ்சைத் தடவிக்கிட்டே உட்கார்ந்தது, நான் "வாயுவா இருக்கும்பா, கொஞ்சம் பாப்போம்"னு சொன்னது, அப்புறம் ஆட்டோ கிடைக்காம தெருமுனையில நின்னது. அரை மணி நேரம் முன்னாடி கிளம்பியிருந்தா? இந்த ஒரே கேள்வி. விடியற வரைக்கும் இதுவேதான்.

சும்மா படுத்திருக்க முடியாம கார்த்திகை மழை விட்டதும் மஞ்சக்குப்பம் மைதானத்துல ஓட ஆரம்பிச்சேன். உடம்பு களைச்சுது, மனசு களைக்கல. ஒவ்வொரு சுத்துக்கும் அந்தக் கேள்வியும் கூடவே சுத்தி வந்துச்சு. பத்து நாளா கேப்பர் மலைப் பக்கம் போறேன். செம்மண் வண்டிப்பாதை, சரளைக்கல், ரெண்டு பக்கமும் முந்திரி. அஞ்சு கிலோமீட்டர், பாதி ஓட்டம், பாதி நடை. நேத்து மார்கழி ஒண்ணு. கோயில் ஒலிபெருக்கி சத்தம் தூரத்துல கேட்டுச்சு, கொல்லைங்க மேல முழங்கால் உயரத்துக்குப் பனி நின்னுச்சு. ஓடி முடிச்சு வண்டிகிட்ட வந்தப்பதான் கவனிச்சேன், நாப்பது நிமிஷமா அந்தக் கேள்வி ஒரு தடவைகூட வரல.

மைதானத்துல வந்தது மலையில ஏன் வரல? உங்கள்ல யாருக்காவது இப்படி இருந்திருக்கா? இருட்டுல அந்தப் பக்கம் போறது சரிதானா?

#2 | கூத்தப்பாக்கம் | டிசம்பர் 17, இரவு 10.05

அண்ணே, அப்பா விஷயம் கேட்டு மனசு கஷ்டமா இருக்கு. காலையில அஞ்சு மணிக்கு அந்தப் பக்கம் தனியா போகாதீங்க. ஆறு மணிக்குக் கிளம்புங்க. இப்போ சூரியன் ஆறரைக்குத்தான் வருது, ஆனா ஆறு பத்துக்கே பாதை தெரிஞ்சுடும்.

#3 | எலும்பும்தசையும் | வில்லியனூர் | டிசம்பர் 18, காலை 7.30

நான் பிசியோதெரபிஸ்ட். கேட்ட கேள்வி நல்ல கேள்வி, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

மைதானத்துல காலுக்கு வேலை உண்டு, கண்ணுக்கு வேலை இல்லை. முதல் சுத்திலேயே உடம்பு அந்தத் தரையை மனப்பாடம் பண்ணிடும். அப்புறம் மனசு தன் போக்குல போகும், உங்க விஷயத்துல எங்க போகும்னு உங்களுக்கே தெரியும். சரளைக்கல் பாதையில அப்படி முடியாது. அடுத்த மூணு அடி எங்க வைக்கிறதுன்னு கண்ணு தேடிக்கிட்டே இருக்கணும். வேர் இருக்கா, கல்லு உருளுமா, மழைத்தண்ணி அறுத்த பள்ளமா. ஒரு விநாடி விட்டா கணுக்கால் பிசகும். அந்தக் கவனம் மனசோட இடத்தை எடுத்துக்குது.

ஓடினா எண்டார்ஃபின் ஊறி மனசு லேசாகும்னு எல்லாரும் சொல்வாங்க. ஆனா ரத்தத்துல இருக்கிற எண்டார்ஃபின் மூளைக்குள்ள சுலபமா நுழையாது. 2015ல ஜெர்மனியில எலிகளை ஓட விட்டுப் பார்த்தாங்க. ஓட்டத்துக்கு அப்புறம் பதற்றம் குறையறதுக்கு உடம்பே சுரக்கிற கஞ்சா வகைப் பொருட்கள்தான் முக்கியக் காரணமா தெரிஞ்சுது. அதுல ஒண்ணோட பேர் ஆனந்தமைடு. 1992ல கண்டுபிடிச்சவங்க நம்ம "ஆனந்தம்"கிற சொல்லை வச்சே அந்தப் பேரைக் கொடுத்தாங்க.

உங்க கேள்விக்கு இன்னும் நெருக்கமானது அதே 2015ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் செஞ்ச சோதனை. 38 பேர். ஒரு பாதி புல்லும் மரமும் இருக்கிற இடத்துல 90 நிமிஷம் நடந்தாங்க, இன்னொரு பாதி வண்டி ஓடுற பெரிய ரோட்டோரமா நடந்தாங்க. பச்சையில நடந்தவங்களுக்கு ஒரே வருத்தத்தை மனசுல அரைச்சுக்கிட்டே இருக்கிற பழக்கம் குறைஞ்சுது, அதோட சம்பந்தப்பட்ட மூளைப் பகுதியும் கொஞ்சம் அமைதியாச்சு. ரோட்டோரம் நடந்தவங்ககிட்ட அந்த மாற்றம் இல்லை. சின்னச் சோதனை, அதுவும் ஓட்டம் இல்லை, நடை. ஆனா நீங்க மைதானத்துக்கும் மலைக்கும் பார்த்த வித்தியாசம் அந்தப் பக்கம்தான் கை காட்டுது.

இன்னொண்ணும் சொல்லணும். மூணு மாசமா தினம் மூணு மணிக்கு முழிப்புன்னா ஓட்டத்தை மட்டும் நம்பி இருக்காதீங்க. 14416க்குக் கூப்பிடுங்க. அரசாங்கத்தோட டெலிமானஸ், மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். என்கிட்ட முதுகு வலின்னு வர்றவங்க சில பேருக்கு நான் அந்த நம்பரைத்தான் முதல்ல எழுதிக் கொடுக்கிறேன்.

#4 | முந்திரிக்கொல்லை | டிசம்பர் 18, மதியம் 1.15

ரொம்ப நன்றிங்க மேடம். "ஒரே வருத்தத்தை அரைச்சுக்கிட்டே"ன்னு எழுதினீங்களே, அதுதான் எனக்கு நடக்கிறது. நம்பரை போன்ல போட்டு வச்சுட்டேன்.

#5 | செம்மண்பாதை | முத்தியால்பேட்டை | டிசம்பர் 18, இரவு 8.20

அண்ணா, நாங்க நாலு பொண்ணுங்க ஞாயித்துக்கிழமையில ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதையில ஓடுறோம். குயிலாப்பாளையம் தாண்டினா காடு ஆரம்பிச்சிடும். 1968ல ஆரோவில் ஆரம்பிச்சப்போ அது பொட்டல், மழை அறுத்துப் போட்ட செம்மண் பள்ளத்தாக்கு. வரப்பு போட்டு, தண்ணியை நிறுத்தி, மரம் வச்சு, இன்னைக்குத் தலைக்கு மேல நிழல். பொம்மையார்பாளையம் பக்கம் இன்னும் கொஞ்சம் பள்ளம் மிச்சம் இருக்கு, பார்த்தா பழசு எப்படி இருந்திருக்கும்னு புரியும். 2008ல ஆரோவில் மாரத்தான் ஆரம்பிச்சது இந்தப் பாதைங்கள்லதான். பிப்ரவரியில நடக்கும். பரிசு கிடையாது, முதல் ஆள் கடைசி ஆள்னு பேச்சே இல்லை. நான் முதல் தடவை 10 கிலோமீட்டர் ஓடினது அதுலதான்.

உங்களுக்கு நாங்க செய்யறதைச் சொல்றேன். தனியா போறதில்லை. லைவ் லொகேஷனை வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் வண்டியை விட்டு இறங்குவோம். நாய் குரைச்சா ஓட்டத்தை நிறுத்தி நடப்போம், முதுகைக் காட்ட மாட்டோம். எங்களுக்கு நாயைவிட பயம், பைக்கை மெதுவாக்கிக்கிட்டுக் கூடவே வர்றவங்கதான். உங்களுக்கு அது இருக்காது, ஆனா உங்க வீட்டுப் பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போனா மனசுல வச்சுக்கங்க. தனியார் கொல்லை வழியா போறதா இருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. ஒரு தடவை கேட்டுட்டா அடுத்த வாரம் அவங்களே தண்ணி கொடுப்பாங்க.

#6 | கூத்தப்பாக்கம் | டிசம்பர் 18, இரவு 8.44

நாய் கடிச்சிட்டா என்ன செய்யறது? எனக்கு அந்த பயம்தான்.

#7 | எலும்பும்தசையும் | டிசம்பர் 18, இரவு 9.10

கடிச்ச இடத்தை உடனே சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கணும், மிச்ச தேதிகளையும் விடாம முடிக்கணும். பல் பட்டு லேசா கீறினாலும் இதேதான்.

#8 | ஊசுட்டேரிக்கரை | டிசம்பர் 19, காலை 9.00

அன்புள்ள முந்திரிக்கொல்லை தம்பிக்கு,

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 64. உங்கள் தந்தையின் மறைவுக்கு என் வருத்தங்கள். பத்து ஆண்டுகளாக ஊசுட்டேரிப் பக்கம் காலையில் மெல்லோட்டம் போகிறேன். 2008இல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி அது. மார்கழியில் வடக்கிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகள் தண்ணீரில் இருக்கும். அவை கலையாதபடி தள்ளியே போக வேண்டும், அதனால் என் ஓட்டமும் தானாகவே மெதுவாகிவிடும்.

பாம்பைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். முந்திரிச் சருகின் நிறமும் கண்ணாடி விரியனின் நிறமும் ஒன்றே. செம்மண், கல் உள்ள காய்ந்த இடத்தில் சுருட்டை விரியனும் இருக்கும். பாதையின் நடுவே வெறும் மண் தெரிகிற இடத்தில் மட்டும் ஓடுங்கள், சருகு மூடிய ஓரத்தில் கால் வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவர் நடக்கவும் கூடாது. 108ஐக் கூப்பிட்டு, அசையாமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான்கு பெரிய விஷப்பாம்புகளுக்கும் ஒரே மருந்துதான். அதைத் தயாரிக்க விஷம் எடுத்துத் தருகிறவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். 1978 முதல் இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்கள் கைக்கு இந்த நாடே கடன்பட்டிருக்கிறது என்று நான் என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

இன்னொரு வேண்டுகோள். கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நாள் ஓடிப் பாருங்கள்.

#9 | உப்பனாற்றோரம் | கடலூர் முதுநகர் | டிசம்பர் 19, இரவு 11.20

எல்லாரும் நல்லது சொல்றீங்க. நான் வேற ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க.

நாலு வருஷம் முன்னாடி எனக்குக் கடன். தினம் எட்டு கிலோமீட்டர் ஓடினேன். ஓடுற நேரத்துல கடன் நினைப்பே வராது. அதனால ஓட்டம் கூடிக்கிட்டே போச்சு, பத்து ஆச்சு, பன்னண்டு ஆச்சு. வட்டியும் கூடிக்கிட்டே போச்சு. வீட்டம்மா பேச வந்தா "ஓடிட்டு வந்து பேசலாம்"னு கிளம்பிடுவேன். கடைசியில அவங்க நகையை அடகு வச்ச அன்னைக்குத்தான் நான் நின்னேன். அந்த ஒரு வருஷம் நான் ஓடினது உடம்புக்கு இல்லை, வீட்டுக்கு முகம் காட்டாம இருக்கத்தான்.

அதனால கேக்குறேன். அந்தக் கேள்வியை நீங்க வீட்டுல யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா? அம்மாகிட்ட? இல்ல மலைகிட்ட மட்டும்தானா?

#10 | முந்திரிக்கொல்லை | டிசம்பர் 20, காலை 3.35

இல்லைங்க. யார்கிட்டயும் சொல்லலை. இங்க எழுதினதுதான் முதல் தடவை.

#11 | செம்மண்பாதை | டிசம்பர் 20, காலை 6.50

அண்ணா, நீங்க மூணரைக்கு எழுதினதை இப்போதான் பார்த்தேன். இன்னைக்கு ஓடப் போனீங்களா? கேப்பர் மலையையே ஏன் எடுத்தீங்க? கடலூர்ல இருந்து சில்வர் பீச்தான் கிட்ட.

#12 | முந்திரிக்கொல்லை | டிசம்பர் 20, இரவு 10.15

போனேன்மா. ஏன் அந்த மலைன்னு கேட்டதை நாள் முழுக்க யோசிச்சேன்.

அங்க அப்பாவோட கொல்லை இருக்கு. ஒரு ஏக்கர். தாத்தா காலத்து முந்திரி, ரெண்டு பேர் கட்டிப் பிடிக்கிற அடிமரம். 2011 டிசம்பர் 30 தானே புயல் உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறிச்சு, மணிக்கு 140 கிலோமீட்டர் வரைக்கும் காத்து. விடிஞ்சு அப்பாவும் நானும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே போனோம், ரோடு முழுக்க மரம். கொல்லைக்குப் போய்ப் பார்த்தா நிக்கிற மரம் ஒண்ணுகூட இல்லை. எல்லாம் ஒரே பக்கமா வேரோட சாஞ்சு கிடந்துச்சு. பண்ருட்டி வரைக்கும் அப்படித்தான், பலா, முந்திரி எதுவும் மிஞ்சலை. அப்பா ஒண்ணும் பேசலை. சாஞ்ச மரத்துல உட்கார்ந்து ஒரு பீடி பிடிச்சார், அவ்வளவுதான்.

அடுத்த மழைக்கு விருத்தாசலத்துல இருந்து வி.ஆர்.ஐ-3 ரக முந்திரி ஒட்டுக் கன்னு எண்பது வாங்கிட்டு வந்தார். ஏழு மீட்டருக்கு ஒண்ணு. கயிறு கட்டி அளந்தது நான், குழி எடுத்தது அவர். கோடையில குடத்துல தண்ணி தூக்கி ஊத்தினோம். மூணாவது வருஷம் முதல் கொட்டை வந்தப்போ எண்ணிப் பார்த்து மடியில கட்டிக்கிட்டு வந்து அம்மாகிட்ட கொடுத்தார்.

நான் ஓடுற பாதை அந்த வரிசை ஓரமாத்தான் போகுது. மேடம் சொன்ன மாதிரி கண்ணு தரையிலதான் இருக்கும். ஆனா ஏழு மீட்டருக்கு ஒரு தடவை நிழல் மாறுறது தெரியும். கயிறு நான் பிடிச்ச கயிறு. அங்க இருக்கிறப்போ அப்பா சாகுற நேரத்து அப்பாவா இல்லை, குழி எடுக்கிற அப்பாவா இருக்கார். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை.

#13 | உப்பனாற்றோரம் | டிசம்பர் 20, இரவு 10.40

அண்ணே, மன்னிச்சிடுங்க. என் கதையை உங்க மேல போட்டுட்டேன். நீங்க ஓடி ஒளியற ஆள் இல்லை. ஆனாலும் அம்மாகிட்ட பேசுங்க.

#14 | வென்சேன்காடு | பாரீஸ் பக்கம் | டிசம்பர் 21, மாலை 4.30

எனக்கும் புதுச்சேரிதான் ஊர். அம்மா வைசியாள் வீதியில இருக்காங்க, நான் பதினெட்டு வருஷமா இங்க.

நீங்க பனின்னு சொல்றதும் நாங்க பனின்னு சொல்றதும் வேற வேற. இங்க இப்போ காலையில எட்டே முக்காலுக்குச் சூரியன் வரும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு இருட்டிடும். வேலைக்குப் போறப்பவும் இருட்டு, வர்றப்பவும் இருட்டு. முதல் ரெண்டு குளிர்காலம் நான் யார்கிட்டயும் பேசாம இருந்தேன். மூணாவது வருஷம் கூட வேலை பார்க்கிற ஒரு பிரெஞ்சுக்காரர் இழுத்துக்கிட்டுப் போய் வென்சேன் காட்டுல ஓட விட்டார். நெத்தியில விளக்கு, கையுறை, உடம்போட ஒட்டினாப்ல ஒரு பனியன், மேல ஒரு முழுக்கை, அதுக்கு மேல காத்துத் தடுக்கிற சட்டை. கிளம்புறப்போ குளிரணும், அப்போதான் பத்து நிமிஷத்துல சரியா இருக்கும்னார். கதகதப்பா கிளம்பினா வேர்த்து, அந்த வேர்வையே உறைய வைக்கும்.

பூஜ்ஜியத்துக்குக் கீழ போனா சேறு கல்லாயிடும். குதிரைக் குளம்பு பதிஞ்ச பள்ளம் எல்லாம் அப்படியே இறுகி நிக்கும், கால் வச்சா கணுக்கால் சாயும். அதுக்கு மேல ஓக் இலை ஈரமா ஒட்டிக் கிடக்கும். விளக்கு வெளிச்சம் நாலு மீட்டர்தான். உலகமே அந்த நாலு மீட்டர்தான்னு ஆயிடும். ஆபீஸ், விசா, வீட்டு வாடகை எல்லாம் அந்த வட்டத்துக்கு வெளியில நிக்கும்.

இங்க செந்த்தெத்தியேன்ல இருந்து லியோனுக்கு ஒரு ராத்திரி ஓட்டம் இருக்கு, 1952ல ஆரம்பிச்சது, சுமார் 80 கிலோமீட்டர், நடுராத்திரியில கிளம்பணும், குளிர்காலத் தொடக்கத்துல. ஒரு தடவை ஓடினேன். மலை மேல திரும்பிப் பார்த்தா ஆயிரக்கணக்கான நெத்தி விளக்கு ஒரே கோடா ஏறி வருது. கார்த்திகை தீபத்தன்னைக்கு எங்க தெரு ஞாபகம் வந்து அங்கேயே அழுதேன். ஓட்டத்துல அழுகை வந்தா நிறுத்தாதீங்க அண்ணே, ஓடிக்கிட்டே அழலாம், மூச்சு தானா சரியாகும்.

பொங்கலுக்கு ஊருக்கு வர்றேன். அம்மா இப்பவே போன்ல "பனியில தலைக்குத் துணி கட்டாம போவாத"ன்னு சொல்லிட்டாங்க, இங்க மைனஸ் நாலுல ஓடுறவன்னு தெரிஞ்சும்.

#15 | எலும்பும்தசையும் | டிசம்பர் 21, இரவு 7.05

பொங்கல்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. போகி அன்னைக்குக் காலையில யாரும் ஓடாதீங்க. பனி தரையை மூடி நிக்கிறப்போ எரிக்கிற புகை மேல போகாது, மூக்கு மட்டத்துலயே நிக்கும். ஆஸ்துமா இருக்கிறவங்க மார்கழி முழுக்கவே வெயில் வந்தப்புறம் கிளம்பினா நல்லது.

கேப்பர் மலையில இருந்து இறங்குறப்போ நீளமா அடி வைக்காதீங்க. குட்டிக் குட்டி அடியா, முட்டியை லேசா மடக்கி. இறக்கத்துலதான் தொடை கிழியும், வலி அன்னைக்குத் தெரியாது, மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும்தான் தெரியும். அப்படி வலிச்சா ரெண்டு நாள் நடையோட விடுங்க.

#16 | பட்டினத்துக்காரன் | தேவனாம்பட்டினம் | டிசம்பர் 22, இரவு 9.30

எல்லாம் படிச்சேன். நான் கடலுக்குப் போறவன், 30 வயசு. ஓடுறது கரையில. தொழில் இல்லாத நாள்ல இங்கிருந்து தாழங்குடா முகத்துவாரம் பக்கம் வரைக்கும் போவேன். இப்போ வாடைக் காத்து, அலை கரையை அறுத்து வச்சிருக்கு, மணல் சரிவா இருக்கும். ஈரம் இறுகின இடத்துல ஓடணும். போறப்போ ஒரு கால் மேடு, வர்றப்போ மறு கால் மேடு, அதனால போன தூரம் திரும்பி வந்துடணும், இல்லாட்டி ஒரு பக்க இடுப்பு பிடிச்சுக்கும். தை பிறந்தா ஆமை முட்டையிட வரும். அப்போ இருட்டுல வெள்ளை வெளிச்சம் அடிக்கக் கூடாது, ஆமை திரும்பிப் போயிடும். சிவப்பு டார்ச் போதும்.

சொல்ல வந்தது இது இல்ல. 26 வருது.

2004ல எனக்கு ஒம்பது வயசு. ஞாயித்துக்கிழமை. எங்க சித்தியும் அவங்க கைக்குழந்தையும் போனாங்க. கடலூர் மாவட்டத்துல மட்டும் 600க்கு மேல செத்தாங்க. நான் ஓடினேன், ஓடினதாலதான் இருக்கேன். சித்தி கையை விட்டுட்டு ஓடினேன்னு ரொம்ப வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன். நிஜமாவே அவங்க கையைப் பிடிச்சிருந்தேனா இல்லையான்னே இப்போ தெரியலை. ஒம்பது வயசுப் பையன் பிடிச்சிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்னு எங்க ஆயா கேட்டாங்க. அந்த வார்த்தை உள்ள போறதுக்கே எனக்குப் பல வருஷம் ஆச்சு.

26 அன்னைக்கு யாரும் தொழிலுக்குப் போக மாட்டோம். கரையில பால் ஊத்தி பூ விடுவோம். அதுக்கு முன்னாடி, விடியறதுக்குள்ள நான் தனியா ஒரு ஓட்டம் ஓடுவேன், தண்ணி வந்த பக்கமா, கடலைப் பார்த்து. இந்த வருஷம் நீங்க வர்றதா இருந்தா வாங்கண்ணா. பேச வேண்டியது இல்ல. கலங்கரை விளக்கம் பக்கம் அஞ்சே முக்காலுக்கு நிக்கிறேன்.

#17 | ஊசுட்டேரிக்கரை | டிசம்பர் 23, காலை 8.10

பட்டினத்துத் தம்பி, உங்கள் ஆயா பெரிய மனுஷி.

#18 | முந்திரிக்கொல்லை | டிசம்பர் 23, காலை 8.30

வர்றேன் தம்பி.

#19 | செம்மண்பாதை | டிசம்பர் 26, இரவு 7.40

இன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டேன். ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கன்னு மட்டும் ஒரு வரி போடுங்க.

#20 | பட்டினத்துக்காரன் | டிசம்பர் 26, இரவு 8.05

நல்லா இருக்கோம்க்கா. அண்ணன் மணல்ல ஓடிப் பழக்கம் இல்லாம சீக்கிரம் மூச்சு வாங்கினார், அதனால நடந்தோம். பால் ஊத்துறப்போ அவரும் நின்னார்.

#21 | கூத்தப்பாக்கம் | டிசம்பர் 28, காலை 10.20

இன்னைக்கு நானும் கேப்பர் மலை போனேன், முதல் தடவை. மூணு கிலோமீட்டர். சீமைக்கருவேல முள்ளு ஷூவைத் துளைச்சு உள்ள வந்துடுச்சு. அடிப்பாகம் தடிமனான ஷூ எது நல்லது? சரளையில வழுக்காம இருக்கணும்.

#22 | செம்மண்பாதை | டிசம்பர் 28, காலை 11.00

அடியில பல்லு பல்லா இருக்கிறதைப் பார்த்து வாங்குங்க. ஆனா ரொம்ப உயரமான பல்லு வேணாம், செம்மண் ஈரமா இருக்கிறப்போ அதுக்குள்ள அப்பிக்கிட்டுக் கால் ரெண்டு மடங்கு கனக்கும். அரை அளவு பெருசா எடுங்க, இறக்கத்துல விரல் முட்டாது. பழைய ஷூவைத் தூக்கிப் போடாதீங்க, மழைநாள்ல ஆகும்.

#23 | முந்திரிக்கொல்லை | டிசம்பர் 30, இரவு 9.50

இன்னைக்கு 30. தானே புயல் அடிச்ச நாள்.

26 அன்னைக்குக் கரையில இருந்து வீட்டுக்குப் போனதும் அம்மா சட்டையில மணல் எப்படின்னு கேட்டாங்க. சொன்னேன். பட்டினத்துத் தம்பியோட ஆயா கேட்டதைச் சொன்னேன். அதைச் சொல்றப்போவே என் கேள்வியும் வாயில வந்துடுச்சு. அரை மணி நேரம் முன்னாடி கிளம்பியிருந்தான்னு.

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சுக்குத் தண்ணி வச்சுக் கொடுத்தா சரியாயிடும்னு அடுப்படிக்குப் போனது நான்தானேடா"ன்னாங்க. அந்தச் சுக்குத் தண்ணி கொதிக்கிற நேரத்தை அவங்க ராத்திரி ராத்திரி எண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. அவங்களுக்கும் மூணு மணிதான். ஒரே வீட்டுல, நடுவுல ஒரு சுவரு, ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு, அடுத்தவங்க தூங்கட்டும்னு சத்தம் போடாம படுத்திருந்திருக்கோம். உப்பனாற்றோரம் அண்ணே, நீங்க கேட்டது சரியான கேள்வி. நேத்து 14416க்கும் கூப்பிட்டேன், அம்மாவும் பேசினாங்க. அடுத்த வாரம் திரும்பக் கூப்பிடச் சொல்லியிருக்காங்க.

முழிப்பு இன்னும் வருது. இன்னைக்கும் மூணே காலுக்கு வந்துச்சு. ஆனா அடுப்படியில விளக்கு எரியறதைப் பார்த்து எழுந்து போனேன். ரெண்டு பேரும் காபி குடிச்சோம்.

ஆறு மணிக்கு அவங்களையும் வண்டியில உட்கார வச்சுக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனேன். அப்பா போனதுக்கப்புறம் அவங்க அங்க வந்தது இன்னைக்குத்தான். நான் என் அஞ்சு கிலோமீட்டரை ஓடிட்டு வர்ற வரைக்கும் மூணாவது வரிசை மரத்தடியில உட்கார்ந்திருந்தாங்க. வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி கடிகாரத்தை அவங்க கையில கழட்டிக் கொடுத்துட்டுத்தான் போனேன். வந்து பார்த்தா எண்பது மரத்தையும் சுத்தி நடந்து எண்ணியிருக்காங்க. எழுபத்தி நாலுதான் இருக்குதாம். ஆறு எப்போ போச்சுன்னு எனக்கே தெரியாது. தெற்கு மூலையில ரெண்டு மரத்துல பூ கட்டியிருக்குன்னு கிளையை வளைச்சுக் காட்டினாங்க.

அந்த ஆறு குழியில என்ன கன்னு வைக்கலாம், இப்போ வைக்கலாமா இல்ல ஆடிக்கு அப்புறமான்னு விவசாயம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குத் திரும்பப் போறோம். கூத்தப்பாக்கம் தம்பியும் பட்டினத்துத் தம்பியும் வர்றதா சொல்லியிருக்காங்க. அம்மா நாலு பேருக்கும் சேர்த்து ஃபிளாஸ்க்ல காபி எடுத்துட்டு வருவாங்க.

#24 | வென்சேன்காடு | டிசம்பர் 30, இரவு 11.15

அண்ணே, ஜனவரி 11 ஞாயித்துக்கிழமை நான் ஊர்ல இருப்பேன். அஞ்சு டம்ளர் எடுத்துட்டு வரச் சொல்லுங்க அம்மாவை.